பதினான்கு இடங்களும் ஐந்து நாள்களும்

சாரல் காலத்தை முன்னிட்டு, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் குடும்பத்தோடு சில நாள் தங்கி இளைப்பாறுவது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் பிறந்தது செங்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில். பதில்களில் கொஞ்சம் ஊர்ப்பற்று எட்டிப் பார்த்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். கணவர், நான், 13 வயது மகள், 9 வயது மகன், மாமனார், மாமியார். ஒவ்வோர் ஆண்டும் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது, புறப்பட்டபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடுதான் வீட்டுக் கதவைத் திறக்கிறோம். இந்த ஆகஸ்டில் ஐந்து நாள் தென்காசிப் பக்கம் அமைதியான கிராமம் ஒன்றில் தங்கலாம் என்று முடிவு செய்தோம். ஆனால், என் கணவர் அதற்குள் 14 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, நேரமும் குறித்து வைத்துவிட்டார். அதில் பாபநாசமும் உண்டு, கன்னியாகுமரியும் உண்டு. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?
— வாசகி, ஆவடி

பதில்: முதலில் கன்னியாகுமரியை விட்டுவிடுங்கள். தென்காசியிலிருந்து அங்கே போவதற்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது; வருவதற்கும் அதே அளவு. ஐந்து நாளில் ஒரு நாளை முழுக்க வண்டிக்குள் கழிப்பதற்குக் கிராமம் எதற்கு? அதே காரணத்தால் பாபநாசத்தையும் மணிமுத்தாற்றையும் இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைக்கலாம். உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் செலவழித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதையும் பார்க்காமல் போகிறோமே என்ற தவிப்பு எல்லாக் குடும்பத் தலைவர்களுக்கும் இருப்பதுதான். ஊர் மட்டும் அமைதியாக இருந்து, நம் நிகழ்ச்சி நிரல் பரபரப்பாக இருந்தால், அந்த அமைதி நமக்கு ஒட்டாது என்பதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்குவதற்குக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாரல் காலத்தில், அதுவும் சனி, ஞாயிறுகளில், குற்றாலம் கிராமம் அன்று, திருவிழா. அதைச் சுற்றி அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். சிற்றாற்றங்கரையில் இருக்கும் இலஞ்சி, குற்றாலத்துக்கு மிக அருகில் இருந்தும் தன் போக்கில் வாழ்கிற ஊர். செங்கோட்டைக்கு வடக்கே பண்பொழியும், அதற்கும் மேற்கே மலையடிவாரத்தில் மேக்கரையும் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் இருப்பவை. மேக்கரையில் காலையில் எழுந்து பார்த்தால் மலை வாசல்படியில் வந்து நிற்பதுபோல் தோன்றும். தென்காசிக்குக் கிழக்கே சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. திரைப்படக் குழுக்கள் பல ஆண்டுகளாகத் தேடி வரும் ஊர் அது. அகன்ற தெருவும், குளமும், பச்சை வயலும், தூரத்தில் நீல மலையும் ஒரே பார்வையில் அடங்குவதுதான் அதற்குக் காரணம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த ஊரையும் சாம்பவர் வடகரையையும் ஒட்டிச் சூரியகாந்திக் காடுகள் பூத்துக் கிடக்கும். முற்றிய சூரியகாந்திப் பூக்கள் கிழக்கையே பார்த்து நிற்கும் என்பதால், காலை வேளையில் போனால்தான் வெயில் பட்ட முகங்களைப் பார்க்கலாம். மாலையில் மேற்கிலிருந்து வருபவர்களுக்கு முதுகுதான் தெரியும்.

வீட்டை முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பக்கத்தில் திருமண மண்டபமோ ஒலிபெருக்கி கட்டும் இடமோ உண்டா என்பது முதலாவது. அருவிக்கு ஐந்து நிமிட நடை என்று சொன்னதை நம்பி, சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் குடும்பத்தோடு ஒரு வீட்டில் தங்கினோம். ஐந்து நிமிடம் உண்மைதான், ஆனால் அடுத்த சுவரில் ஒரு மண்டபம் இருந்ததை யாரும் சொல்லவில்லை. மூன்று இரவுகளில் மூன்று வரவேற்பு நிகழ்ச்சிகளின் பாட்டுக் கச்சேரியை முழுமையாகக் கேட்டோம். வளாகத்துக்குள் தனி அருவி இருப்பதாக விளம்பரம் செய்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இரண்டாவது. மலையோடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. அத்தகைய இடத்துக்கு நம் பணம் போக வேண்டாம்.

பயணத்துக்குப் பொதிகை விரைவு ரயிலைச் சொல்வேன். இரவில் சென்னையை விட்டுப் புறப்பட்டுக் காலையில் தென்காசி வழியாகச் செங்கோட்டை வந்து சேரும். பயணத்துக்கு 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கிறது. சாரல் கால வார இறுதிகளுக்கு அன்றைக்கே இடம் பிடித்துவிடுவது நல்லது. விடிந்ததும் குழந்தைகளை வலப்பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள். இராஜபாளையத்திலிருந்து மலைத்தொடர் கூடவே வரும். கடையநல்லூரைத் தாண்டும்போது அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தால் சாரல் இருக்கிறது என்று பொருள்.

இனி அந்த ஐந்து நாள்களுக்கு வருவோம். பட்டியலில் மீதி இருப்பவற்றில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஏதேனும் ஓர் அருவி, தென்காசிக் கோயில், பண்பொழித் திருமலைக்கோயில், குண்டாறு அணை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில் மட்டும். வந்த முதல் நாளில் எதுவும் வேண்டாம். அருவிக்கு வாரநாளில், விடிகாலையில் போய்விட்டால் கூட்டத்துக்கு முன்னால் குளித்துவிட்டு இட்லி நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். 36 அடி மட்டுமே உயரமுள்ள குண்டாறு அணை சாரல் காலத்தில் இப்பகுதி அணைகளில் முந்திக்கொண்டு நிரம்பிவிடும். அது நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒருசேரப் பிடிக்கிற இடம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் அது. சாரல் காலத்தில் கோபுர வாசலில் நுழையும்போது காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும். சில அடி நடந்ததும் அதே காற்று முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும். உங்கள் மகன் நான்கு முறையாவது வெளியே போய்த் திரும்பி வருவான். பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்று அந்தப் பாண்டியன் பாடியதாக ஒரு செய்யுள் உண்டு. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990ஆம் ஆண்டில்தான் குடமுழுக்கு நடந்தது. யாரை மனத்தில் வைத்து அவன் பணிந்தானோ, அவர்கள் ஐந்நூறு ஆண்டு கழித்து வந்தார்கள். மாமனாருக்கு இதைச் சொல்லுங்கள். அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

மற்ற நேரங்களில் என்ன செய்வது என்று உங்கள் கணவர் நிச்சயம் கேட்பார். எங்கள் ஊர்களில் சாரல் காலப் பகல் தானாகவே கழியும். வெயில் அடிக்கும், உடனே பூத்தூறலாகச் சாரல் விழும், மறுபடி வெயில் வரும். தென்னை ஓலைகள் நாள் முழுக்கச் சலசலத்துக்கொண்டிருக்கும். காலையில் தேநீர்க் கடைக்கு நடந்து போய், செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிக்கிறவர்களோடு கொஞ்ச நேரம் இருக்கலாம். கார் பருவ நெல் சாகுபடி நடக்கும் மாதங்கள் என்பதால் வயலில் ஆள்கள் இருப்பார்கள். வரப்பில் நின்று பார்க்க யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், வழியை மறிக்காமல் நின்றால் போதும். மதியம் சாப்பிட்டதும் திண்ணையிலோ கூடத்திலோ பாயை விரித்துப் படுத்தால் அந்தக் காற்றுக்குத் தூக்கம் தானாக வரும். மாலையில் குளத்தங்கரையில் நடந்தால் கொக்கும் நீர்க்காகமும் அடையப் போவதைப் பார்க்கலாம். இதற்கெல்லாம் நேரம் குறிக்க முடியாது என்பதால்தான் இவை பட்டியலில் வரவில்லை.

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. மே மாதத்தில் குற்றாலப் பக்கக் கிராமத்தில் தங்கினால் சாரல் இருக்குமா?
— வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் தொடங்கி, ஆரியங்காவுக் கணவாயின் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுதான் சாரல். அது ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரையிலும் நீடிக்கும். பள்ளிகள் திறந்த பிறகு சாரல் வருகிறது என்பது இயற்கைக்கும் கல்வித் துறைக்கும் இடையிலான பழைய பிணக்கு. மே மாதத்தில் பெரும்பாலும் அருவிகளில் பாறைதான் தெரியும், வெயிலும் கடுமை.

விடுமுறையை மாற்ற முடியாதென்றால் ஊரை மாற்றுங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் தாமிரபரணிக் கரையில் தங்கினால், கோடையிலும் ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம்; பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் நீர் விழும். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் ஆறு, நடுப்பகலில் வீடு, இரவில் மொட்டைமாடி என்று வைத்துக்கொண்டால் மே மாதமும் தாங்கும். போகிற வழியில் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவ்வளவு மெல்லிய பாயா என்று தொட்டுப் பார்ப்பார்கள்.

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு வந்தால் சாரலின் கடைசி நாள்கள் கிடைக்கக்கூடும். ஆனால், அதை நம்பிப் பயணச்சீட்டு வாங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கேள்வி: கிராமத்தில் தனி வீடு எடுத்துத் தங்கலாம் என்று ஒவ்வொரு முறையும் என் வீட்டில் ஆசைப்படுகிறார்கள். விடுதி அறையை விட அது நன்றாக இருக்கும் என்கிறார்கள். அவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கோ, சேலத்துச் சமையலறையை விட்டு வேறொரு சமையலறைக்கு இடம் மாறியதுபோல் இருக்கிறது. அங்கே மிக்ஸியும் சரியாக ஓடாது. இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறேன் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
— வாசகி, சேலம்

பதில்: இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் உள்ள எல்லாரும் படிக்கும்படி மேசையில் திறந்து வையுங்கள். நீங்கள் முகம் சுளிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறீர்கள். குடும்பம் இளைப்பாறுகிறது என்று சொல்லிக்கொண்டு, மூன்று வேளையும் ஆறு பேருக்கு ஒருவர் மட்டும் சமைத்தால், இளைப்பாறுவது ஐந்து பேர்தான். என் ஆச்சி வீட்டுக்குக் கோடையில் நாங்கள் இருபது பேர் போய் இறங்குவோம். அந்த நாள்களை நினைத்து இன்றைக்கும் நாங்கள் உருகுகிறோம். ஆனால், ஆச்சி அந்த ஒரு மாதமும் அடுப்படியை விட்டு வெளியே வந்ததாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவளுடைய விடுமுறை நாங்கள் ஊருக்குத் திரும்பிய அன்றுதான் தொடங்கியிருக்கும் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

வழி இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொன்னால், சமைத்துத் தர ஊரிலிருந்தே ஓர் அம்மாவை ஏற்பாடு செய்வார்கள். கூலியை வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை வேளை, பாத்திரம் கழுவுவது அதில் சேருமா சேராதா என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். விருந்தாளிகள் கொடுப்பதைக் கொடுக்கட்டும் என்று அவர்கள் கூச்சப்பட்டுச் சொல்லக்கூடும். அந்தக் கூச்சத்தில் நாம் லாபம் பார்க்கக் கூடாது. நம் வீட்டு வேலையை இன்னொரு பெண்ணின் தலையில் வைக்கிறோம் என்றால், அவருக்கும் அது கட்டுப்படியாக வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அவர் வந்தால் போதும் என்பது என் கணக்கு. காலையில் இட்லிக் கடை, அதற்கு வீட்டு ஆண்கள் தூக்குவாளியோடு போகட்டும். இரவில் ஒரு நாள், அசைவம் சாப்பிடுகிறவர்கள் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடலாம். மற்ற நாள்களில் தோசையோ பழமோ போதும். மதியத்துக்கு, உங்களுக்குத் தெரிந்த சாம்பாரையே அவரையும் வைக்கச் சொல்லாதீர்கள். அவர் வீட்டுச் சமையலைக் கேளுங்கள். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் ஒரு நாள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் ஒரு நாள். காய்கறியும் பருப்பும் அரிசியும் ஒன்றாக வேகும் கூட்டாஞ்சோறு ஒரு நாள். திருநெல்வேலிச் சீமையின் இந்தச் சாப்பாட்டை வேறொருவர் சமைத்து, வேறொருவர் பரிமாற, நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிக்ஸி ஓடாதது அப்போது உங்கள் கவலை அன்று.

சமைக்க ஆள் கிடைக்காத ஊரென்றால் அந்த ஊர் உங்களுக்கு வேண்டாம்; விடுதி அறையே மேல்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கிராமத்தில் ஐந்து நாள் என்றதும் 'அங்கே என்ன இருக்கிறது' என்கிறான். கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் ஐந்து நாளும் அவன் கைப்பேசியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பான். நீங்களும் அவனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுடையதையும் சேர்த்து எல்லாருடையதும் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியில் இருக்கும் என்று மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் ஒரு நாளை முழுமையாக ஒப்படைக்கலாம். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை, சுமார் 50 கிலோமீட்டர், மலையேறி இறங்கும் ரயிலில் போய் வருவதற்கான திட்டத்தை அவனே போடட்டும். பகலில் போகும் ரயில் எது, திரும்புவதற்குப் பேருந்தா ரயிலா என்பதையெல்லாம் அவனே பார்க்கட்டும். இந்தப் பாதையில் 1904ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தது. ஏற்றம் கடுமையானது என்பதால் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். பகவதிபுரத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது தமிழ்நாட்டு வெயிலாக இருந்தது, வெளியே வரும்போது சில நாள்களில் கேரளத்து மழையாக இருக்கும். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி போகும்போது கீழே சாலையில் நின்று கையசைப்பவர்களுக்கு அவனும் கையசைப்பான், எவ்வளவு சலிப்போடு வந்திருந்தாலும்.

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் செங்கோட்டை ஊரைக் காட்டுங்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் மாற்றப்படும் வரை அது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் அதுவே. மீதி நாள்களில் அவன் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். இரண்டாம் நாள் மாலைக்குள், தெருவில் பந்தோடு நிற்கும் பையன்களில் ஒருவன் 'நீயும் வர்றியா?' என்று கேட்பான். பெற்றோர் அந்த நேரத்தில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்காமல் இருந்தால் காரியம் நடந்துவிடும்.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது, சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உண்டு. அவரை அழைத்துவரலாமா? அருவியில் குளிக்க வைக்கலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: தாராளமாக அழைத்து வாருங்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை தென்காசியிலேயே இருக்கிறது. திருமலைக்கோயிலுக்குப் படி ஏற வேண்டியதில்லை, மேலே வரை வண்டிப் பாதை உண்டு. இலஞ்சிக் குமாரர் கோயில் சமதளத்தில் இருக்கிறது. மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துவாருங்கள். ஈரத்தில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் பட்ட சிறு கீறலும் பெரிதாகிவிடும்.

அருவியைப் பொறுத்தவரை, பேரருவியின் வேகம் அவர் தோளுக்கு ஆகாது. மருத்துவர் சம்மதித்தால், நீர் குறைவாக விழும் நாளில், புலியருவி போன்ற சிறிய இடத்தில் கைபிடித்து நிறுத்தலாம். வயது எதுவானாலும் எல்லாருக்கும் பொருந்துகிற எச்சரிக்கை ஒன்று உண்டு. நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும், மலைமேல் மழை பெய்தால் அருவி நொடியில் பெருகும். 2024 மே 17 அன்று, சாரல் காலம் தொடங்குவதற்கும் முன்னால், பழைய குற்றாலத்தில் அப்படிப் பாய்ந்த திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயதுச் சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. காவலர் குளிக்கக் கூடாதென்று தடுத்தால் வாதாடாதீர்கள். இவ்வளவு தூரம் வந்தோமே என்ற நியாயம் தண்ணீருக்குத் தெரியாது.

கேள்வி: நீங்கள் எல்லாரையும் எங்கள் ஊர்ப்பக்கம் வரச் சொல்லி எழுதுகிறீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் சூரியகாந்திக் காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். ஒடித்த பூவை வண்டியில் செருகிக்கொண்டு போகிறார்கள். வரப்பில் பாட்டில் கிடக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வண்டியைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். அமைதியைத் தேடி வந்தோம் என்று சொல்கிறார்கள், எங்கள் அமைதி போய்விட்டதே?
— ஒரு விவசாயி, சுந்தரபாண்டியபுரம் அருகே

பதில்: உங்கள் கடிதம்தான் இந்த மாதம் வந்தவற்றில் என்னைக் கூச வைத்தது. நான் எழுதுவதற்கும் இதில் பங்கு உண்டு. மறுக்க மாட்டேன்.

வாசகர்களுக்குச் சொல்கிறேன். சூரியகாந்தி அலங்காரத்துக்கு வளர்ப்பதன்று. எண்ணெய் வித்துக்காக, கடன் வாங்கியும் உரம் போட்டும் வளர்க்கிற பயிர். ஒடிந்த ஒவ்வொரு செடியும் எடைக்குப் போகாத விதை. பாதையோரத்தில் நின்று படம் எடுங்கள். உள்ளே இறங்க வேண்டுமென்றால் உரியவரிடம் கேளுங்கள், அவர் ஒரு தொகை சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள். திரையரங்கில் டிக்கெட் வாங்குகிறோம், இது ஒருவர் பிழைப்பு. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதே நீர்தான் சிற்றாறாகி ஊர் ஊராகப் பாய்ந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது என்பதை நினைத்தால், வாய்க்காலிலும் அந்தத் தடையை நாமே போட்டுக்கொள்ளலாம். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் காதில் மாட்டிக் கேளுங்கள். விவசாயிகள் ஐந்து மணிக்கு எழுகிறவர்கள்.

ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பூக்கும் பருவத்தில் காட்டோரமாக, எங்கே நிற்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று தமிழில் ஒரு தகரப் பலகை வையுங்கள். மிரட்டலாக இருக்க வேண்டாம், விலை எழுதியிருந்தாலும் தவறில்லை. வருகிறவர்களில் மற்றப் பாதிப் பேர், சொன்னால் கேட்கிறவர்கள்.

கேள்வி: சாரலுக்குக் குடை எடுத்துவர வேண்டுமா? திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: குடை வேண்டாம், இந்தக் காற்றில் அது முதல் நாளே மடங்கிக்கொள்ளும். சாரலில் நனையத்தானே வருகிறீர்கள்? துண்டுதான் முக்கியம், ஆளுக்கு மூன்று. காயப்போட்ட துணி காய்ந்துவிட்டது என்று நீங்கள் நினைத்து எடுக்கப் போகும்போது இன்னொரு சாரல் வந்துவிடும்.

வாங்குவதற்கு, பருவத்தில் குற்றாலக் கடைகளில் குவிந்திருக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் போதும். மங்குஸ்தான் தோலின் சாறு வெள்ளைத் துணியில் பட்டால் கறை போகாது. அந்த மூன்று துண்டுகளில் ஒன்றாவது கறுப்பாக இருக்கட்டும்.